குளவிக்கு நேரடியாகச் சாப்பாடு கொடுக்க முடியுமா?

கரும்புத் தண்டைத் துளைக்கும் இடைக்கணுப்புழுவுக்காக டிரைக்கோகிரம்மா அட்டை கட்டியவர்களுக்கு அந்த அட்டை எப்படி இருக்கும் என்று தெரியும். மணல் தூவினது போல் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்புப் பொடியில் ஒவ்வொன்றும் ஒரு அந்துப்பூச்சியின் முட்டை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும் டிரைக்கோகிரம்மா என்கிற குளவி. அந்தக் குளவி வயலில் வெளியே வந்து, புழுவின் தாய்ப்பூச்சி இட்ட முட்டைகளைத் தேடிப் போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். புழு பொரிக்காது, அதற்குப் பதிலாகக் குளவி வரும். இந்த வரைக்கும் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் குளவியை லட்சக்கணக்கில் உற்பத்தி செய்வது எவ்வளவு சுற்று வேலை என்பதையும், அந்தச் சுற்றைக் குறைக்க உலகம் முழுக்க ஐம்பது வருஷத்துக்கும் மேலாக என்ன பாடுபட்டிருக்கிறார்கள் என்பதையும் பற்றித் தமிழில் யாரும் விளக்கமாக எழுதி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இது.

முதலில் இப்போது நடக்கிற முறை. குளவி வளர முட்டை வேண்டும். இடைக்கணுப்புழுவின் முட்டையையே லட்சக்கணக்கில் உற்பத்தி செய்வது கட்டுப்படியாகாது, அதனால் எளிதாக வளரக்கூடிய ஒரு மாற்றுப் பூச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவில் அது கார்சிரா என்கிற நெல் அந்துப்பூச்சி. ஐரோப்பாவில் மாவு அந்துப்பூச்சியும் தானிய அந்துப்பூச்சியும். கலிபோர்னியாவில் ஸ்டான்லி ஃபிளாண்டர்ஸ் 1920களின் கடைசியில் தானிய அந்துப்பூச்சி முட்டையில் டிரைக்கோகிரம்மாவைப் பெரிய அளவில் வளர்த்துக் காட்டியதிலிருந்து அடிப்படை முறை பெரிதாக மாறவில்லை.

கார்சிராவுக்குச் சாப்பாடு கம்பு. ஒரு தட்டுக்கு இரண்டரை கிலோ உடைத்த கம்பு, சூடுகாட்டிக் கிருமி போக்கியது, அதோடு 100 கிராம் நிலக்கடலைப் பொடி, கொஞ்சம் ஈஸ்ட், கொஞ்சம் கந்தகத்தூள், பாக்டீரியா வராமலிருக்க ஸ்ட்ரெப்டோமைசின். அதில் அரை சிசி அந்துப்பூச்சி முட்டையைத் தூவி மூடி வைத்தால் ஏறக்குறைய 40 நாளில் பூச்சிகள் வெளியே வர ஆரம்பிக்கும். அவற்றைத் தினமும் பிடித்து முட்டையிட வைத்து, முட்டையைச் சலித்து, அரை மணி நேரம் போலப் புற ஊதா விளக்கில் காட்டிக் கருவைக் கொன்று (இல்லாவிட்டால் பொரித்த புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடும்), பசை தடவிய அட்டையில் ஒட்டி, அப்புறம்தான் குளவியிடம் கொடுக்க வேண்டும். ஒரு சிசியில் 18,000 முதல் 20,000 முட்டை இருக்கும். குளவி முட்டை வைத்த மூன்றாம் நான்காம் நாளில் அட்டை கறுக்கும், ஏழெட்டு நாளில் குளவி வந்துவிடும். அதாவது குளவிக்கு ஒரு வாரம், அந்துப்பூச்சிக்கு ஒன்றரை மாதம். உற்பத்தி நிலையத்தில் இடம், கூலி, நேரம் எல்லாவற்றையும் விழுங்குவது நடுவில் இருக்கிற இந்த அந்துப்பூச்சிதான்.

அதோடு தொல்லையும் அதிகம். அந்துப்பூச்சியின் இறகுச் செதில் காற்றில் மிதந்து, நாள் முழுக்க அந்த அறையில் நிற்கிறவர்களுக்கு மூச்சுக் கோளாறு வரும். இது பல இடங்களில் பதிவான விஷயம், முகமூடி போடாமல் யாரையும் அந்த அறைக்குள் விடவே கூடாது. தட்டில் சிலந்திப்பேன் ஏறும். பிரக்கான் என்கிற இன்னொரு ஒட்டுண்ணிக் குளவி எங்கிருந்தோ உள்ளே புகுந்து கார்சிராப் புழுவையெல்லாம் கொட்டி முடக்கிவிடும். தென்னையில் கருந்தலைப்புழுவுக்கு நாம் விடுகிற அதே வகைக் குளவி, இங்கே வந்தால் ஒரு அறை உற்பத்தியே போய்விடும்.

சரி, நடுவில் இருக்கிற பூச்சியை எடுத்துவிட்டு, குளவிப் புழுவுக்கு ஒரு கரைசலைக் கொடுத்து நேரடியாக வளர்த்தால் என்ன? கேட்க எளிமையான யோசனை. காய்ப்புழுவையே கொண்டைக்கடலை மாவும், கெட்டிப்படுத்த அகரும் கலந்த உணவில் ஆய்வகத்தில் வளர்க்கிறோம் அல்லவா? ஆனால் காய்ப்புழு இலையையும் காயையும் கடித்துத் தின்கிற பிராணி, கட்டியாக ஏதாவது வைத்தால் கடிக்கும். குளவிப் புழு அப்படியில்லை. அது இன்னொரு உயிருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து வளர்கிறது. அதற்குச் சாப்பாடும் வீடும் ஒன்றே.

டிரைக்கோகிரம்மாவையே எடுத்துக்கொள்வோம். தாய்க்குளவி ஒரு முட்டையைக் கண்டதும் உடனே குத்தாது. மேலே ஏறி, உணர்கொம்பால் தட்டிக்கொண்டே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நடக்கும். எவ்வளவு நேரம் நடந்தோம், மேற்பரப்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை வைத்து முட்டையின் அளவைக் கணக்குப் போட்டுவிடும். அதற்குத் தகுந்தாற்போலத்தான் உள்ளே எத்தனை முட்டை வைப்பது என்று முடிவு செய்யும். சின்ன முட்டைக்கு ஒன்று, பெரிய முட்டைக்குப் பல. ஆகவே வெறும் தட்டில் கரைசலை ஊற்றி வைத்தால் அது திரும்பிக்கூடப் பார்க்காது. உருண்டையாக, சரியான வளைவில், குத்தினால் ஊசி இறங்குகிற மெல்லிய தோலோடு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். 1974இல் ராஜேந்திரம், ஹேகன் என்ற இருவர் மெழுகுத் துளிகளுக்குள் உப்புக் கரைசலை வைத்து, அதில் டிரைக்கோகிரம்மா முட்டையிடுவதைக் காட்டினார்கள். மெழுகுத் துளியை முட்டை என்று குளவி ஏற்றுக்கொண்டது என்பது அன்றைக்குப் பெரிய செய்தி. பிறகு 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் பொட்டாசியமும் மெக்னீசியமும் கலந்த சாதாரண உப்புக் கரைசலே குளவியை முட்டை வைக்கத் தூண்டுகிறது என்று கண்டார்கள். ஊசியைக் குத்தி உள்ளே ருசி பார்த்த பிறகுதான் அது முட்டையை விடுகிறது, அந்த ருசியில் இந்த இரண்டு உப்புகளும் இருந்தால் போதும்.

முட்டை வைக்கச் செய்தாயிற்று, அப்புறம் அது வளர வேண்டுமே. 1975இல் ஹாஃப்மன், இக்னோஃபோ, டிக்கர்சன் ஆகிய மூவர் டிரைக்கோகிரம்மாவை முட்டைக்கு வெளியே, கரைசலிலேயே, முழுக் குளவியாகும் வரை வளர்த்தார்கள். ஆனால் அந்தக் கரைசலில் அடிப்படைப் பொருள் காய்ப்புழுவின் ரத்தம். பூச்சியை வெளியே தள்ளப் போய், பூச்சியின் ரத்தத்தை உள்ளே கொண்டுவந்தாயிற்று. இந்தத் துறையில் இன்று வரை இருக்கிற சிக்கல் இதுதான், பின்னால் திரும்ப வருகிறேன்.

இதை ஆய்வகத்தைத் தாண்டிப் பெரிய அளவில் வயலுக்குக் கொண்டுபோனது சீனாதான். அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஓக் இலை தின்னும் பட்டுப்பூச்சி வளர்ப்பு பெரிய தொழில். பட்டு எடுத்த பிறகு கூட்டுப்புழு மலிவாக, ஏராளமாகக் கிடைக்கும். முதலில் அந்தப் பட்டுப்பூச்சியின் பெரிய முட்டையையே குளவி வளர்க்கப் பயன்படுத்தினார்கள். ஒரே முட்டையிலிருந்து ஐம்பது அறுபது குளவிகள்கூட வரும். பிறகு 1970களின் நடுவிலிருந்து செயற்கை முட்டைக்குப் போனார்கள். குவாங்டோங்கில் லீ லீயிங் குழுவும், வூஹானில் வேறு குழுக்களும் இதில் பல வருஷம் உழைத்தன. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொப்புளங்களை எழுப்பி, அதற்குள் கரைசலை நிரப்பி, அடியில் இன்னொரு தாளை ஒட்டி மூடுவது. கொப்புளம்தான் முட்டை. கரைசலில் பட்டுக் கூட்டுப்புழுவின் ரத்தம், கோழி முட்டை மஞ்சள் கரு, பால், உப்புகள். கொப்புளம் எழுப்புவது, நிரப்புவது, மூடுவது, அட்டையாக வெட்டுவது எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யும் இயந்திரமும் செய்தார்கள். அதில் வளர்ந்த குளவிகளைக் கரும்பு உள்ளிட்ட பயிர்களில் விட்டுப் பார்த்து, இயற்கை முட்டையில் வளர்ந்தவற்றோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள், வேலை செய்தது.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் சீனாவிலேயே இன்றைக்கும் பெரும்பாலான டிரைக்கோகிரம்மா உண்மையான முட்டையில்தான் வளர்கிறது. ஏன் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ஒன்று, அளவு. டிரைக்கோகிரம்மாவின் புழு ஒரு பை மாதிரி இருக்கும், பொரித்ததும் சுற்றியிருப்பதையெல்லாம் நிறுத்தாமல் விழுங்கும். இயற்கை முட்டையில் அளவாகத்தான் இருக்கிறது, தின்று முடித்ததும் காய்ந்த இடத்தில் கூட்டுப்புழுவாகும். செயற்கை முட்டையில் புழுக்கள் குறைவாகவும் கரைசல் அதிகமாகவும் இருந்தால் அளவுக்கு மீறி விழுங்கி ஊதிப்போகும். மிச்சமிருக்கும் கரைசலில் நனைந்தே கிடப்பதால் ஒழுங்காகக் கூட்டுப்புழுவாக முடியாது, வெளியே வந்தாலும் வயிறு பெருத்து இறகு விரியாமல் வரும். புழு அதிகமானால் பட்டினி. ஆகவே ஒவ்வொரு கொப்புளத்திலும் எத்தனை முட்டை விழுகிறது என்பதைக் கட்டுப்படுத்த வேண்டும். அது தாய்க்குளவியின் கையில் இருக்கிற விஷயம், இயந்திரத்தின் கையில் இல்லை.

அப்புறம் கரைசலின் அடர்த்தி. புழு வளரப் புரதம் வேண்டும், அதன் மூலப்பொருள் அமினோ அமிலங்கள். அதை அப்படியே கரைத்துவிட்டால் கரைசல் மிக அடர்த்தியாகி, உப்புத் தண்ணீரில் போட்ட மாங்காய் போல முட்டையும் இளம் புழுவும் நீர் இழந்து சுருங்கிவிடும். அதனால் கரையும் பொருளைக் குறைத்து, மஞ்சள் கரு மாதிரி பெரிய மூலக்கூறுகளாகச் சத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கெட்டியானால் புழு மூச்சுவிட முடியாது, ஏனென்றால் அது தோல் வழியாகத்தான் சுவாசிக்கிறது. பூச்சியின் ரத்தம் இந்த எல்லாவற்றையும் ஏற்கெனவே சரியாகச் சமன் செய்து வைத்திருக்கிறது. ரத்தத்தை எடுத்துவிட்டுச் சமைக்கப் பார்த்த கரைசல்கள் பலவற்றில் புழு பாதியில் நின்றுபோனதற்கோ, வந்த குளவி நோஞ்சானாகப் போனதற்கோ இந்தச் சமநிலை கெட்டது ஒரு பெரிய காரணம். பிரேசிலில் பர்ரா குழுவினர் டிரைக்கோகிரம்மாவுக்குச் செய்த கரைசல்களிலும் கூட்டுப்புழுவின் சாறுதான் பிரதானம்.

மஞ்சள் கரு, பால், ரத்தம் என்று கலந்து வெதுவெதுப்பான அறையில் வைத்தால் ஒரே நாளில் கெட்டுப்போகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுண்ணிக் குளவிப் புழுக்களிடம் இதில் ஒரு நல்ல குணம் உண்டு, வளர்ந்து முடியும் வரை அவை கழிவை வெளியே விடுவதே இல்லை, குடலின் பின்பகுதி கடைசியில்தான் திறக்கும். அதனால் புழு தன் சாப்பாட்டைத் தானே கெடுக்காது. ஆனால் முட்டை வைக்க வருகிற தாய்க்குளவி தன் ஊசியோடு கிருமியையும் கொண்டுவரும். அதற்கு ஆன்டிபயாடிக் போட வேண்டும். போட்டால் வேறொரு பக்கம் இடிக்கும். சில டிரைக்கோகிரம்மா இனங்களில் உடம்புக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவால்தான் ஆணே இல்லாமல் பெண் மட்டும் பிறக்கிறது, ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்தப் பாக்டீரியா செத்து ஆண்கள் பிறக்க ஆரம்பிக்கின்றன. முட்டைகளைத் தாக்குவது பெண் மட்டும்தான், ஆணால் வயலுக்குப் பயனில்லை.

முட்டை ஒட்டுண்ணியை விட்டுவிட்டுப் புழு ஒட்டுண்ணிகளைப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறும். புழுவை ஒரேயடியாகக் கொட்டி முடக்கிப் போட்டு, வெளியே தோல் மேல் முட்டை வைத்து, அசையாமல் கிடக்கிற அந்த உடம்பை உறிஞ்சுகிற வகை ஒன்று உண்டு. அங்கே இரை வெறும் சாப்பாட்டு மூட்டைதான், அதனால் அதற்குப் பதில் வேறு மூட்டை வைப்பது சாத்தியம். இந்தத் துறையின் நல்ல வெற்றிகளில் பல இப்படித் தாக்கும்போதே இரையின் வளர்ச்சியை நிறுத்திவிடுகிற குளவிகளில்தான். 1970இல் கனடாவில் யாஸ்கனும் ஹவுஸும் இட்டோப்லெக்டிஸ் என்ற குளவியை, பூச்சிச் சரக்கு எதுவும் இல்லாத, ஒவ்வொரு பொருளும் இன்னதென்று தெரிந்த ரசாயனக் கலவையிலேயே வளர்த்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் வெஸ்லாகோ ஆய்வு மையத்தில் 1990களில் பருத்திக் கூன்வண்டைத் தாக்கும் கேட்டோலாக்கஸ் குளவிக்கு ரோஹாஸும் மொராலஸ் ராமோஸும் கிங்கும் இதே மாதிரி பூச்சிப் பொருள் கலக்காத உணவைத் தயார் செய்தார்கள். அதற்கு முன் அந்தக் குளவியை வளர்க்க, ஒவ்வொரு கூன்வண்டுப் புழுவையும் மெழுகுத் தாளுக்குள் தனித்தனியாகப் பொதிந்து கொடுக்க வேண்டியிருந்தது. பருத்தி மொட்டுக்குள் ஒளிந்திருக்கிற புழுவைத்தான் அந்தக் குளவி தேடும், திறந்து வைத்தால் சரிப்படாது. உணவில் வளர்ந்த குளவிகள் வயலிலும் நன்றாகவே வேலை செய்தன. ஆனால் அமெரிக்கா இனக்கவர்ச்சிப் பொறியையும் மாலத்தியான் என்ற பூச்சிமருந்தையும் வைத்துக் கூன்வண்டை நாடு முழுக்க ஒழிக்கும் திட்டத்தில் இறங்கிவிட்டது. பூச்சியே இல்லாத இடத்தில் குளவியை யார் வாங்குவார்கள். நல்ல வேலை, நேரம் வாய்க்கவில்லை. இந்த ஒரு கதையை நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு கேட்காது.

மூன்றாவது வகைதான் கடினம். இரையை உயிரோடு விட்டு, அதற்குள் இருந்து அதோடு சேர்ந்து வளர்கிற குளவிகள். கரும்புத் தண்டுத்துளைப்பானைத் தாக்கும் கொட்டேசியா இப்படி. தாய்க்குளவி முட்டையோடு ஒரு வைரஸையும் இரைக்குள் செலுத்தும், அது இரையின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும். முட்டை பொரிக்கும்போது அதன் உறையிலிருந்து பெரிய பெரிய செல்கள் பிரிந்து இரையின் ரத்தத்தில் மிதந்து, குளவிப் புழுவுக்கு வேண்டியதைச் சுரந்து கொடுக்கும். புழு எப்போது தோலுரிக்க வேண்டும் என்பதைக்கூடப் பல இனங்களில் இரையின் ஹார்மோன்தான் சொல்கிறது. இதையெல்லாம் ஒரு கரைசலில் எழுதி வைக்க முடியாது. மரவள்ளி மாவுப்பூச்சிக்காக மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து கொண்டுவந்து தமிழ்நாட்டில் விட்ட அனகைரஸ் குளவியும், பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் வந்த அசெரோஃபேகஸும் இந்த மூன்றாவது வகைதான். இவற்றுக்குச் செயற்கை உணவு வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உயிருள்ள மாவுப்பூச்சியில்தான் வளர்க்க வேண்டும், அதை ஒழுங்காக வளர்ப்பதில் பணம் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதே கொட்டேசியாவை வைத்து பிரேசில் செய்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1970களில் டிரினிடாடிலிருந்தும் பிறகு இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் கொட்டேசியா பிளேவிப்ஸைக் கொண்டுபோனார்கள். குளவிக்குச் செயற்கை உணவு தேடுவதில் சிக்கிக்கொள்ளாமல், கரும்புத்துளைப்பான் புழுவுக்குச் செயற்கை உணவை ஒழுங்குபடுத்தினார்கள். சோயா மாவு, கோதுமை முளை, சர்க்கரை, கெட்டிப்படுத்த ஒரு பசை. புழு வளர்ந்ததும் தொழிலாளி ஒருவர், பெரும்பாலும் பெண்கள், ஒவ்வொரு புழுவாக எடுத்துக் குளவியிடம் நீட்டுவார். குளவி ஒரு குத்து குத்தியதும் அதைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்த புழு. நாள் முழுக்க, ஆயிரக்கணக்கில், கையால். ஒரு புழுவிலிருந்து சுமார் ஐம்பது குளவி. ஒரு கோப்பையில் 1,500, ஹெக்டேருக்கு நான்கு கோப்பை, அதாவது 6,000 குளவி. சுமார் 30 லட்சம் ஹெக்டேர் கரும்பில் இதை விடுகிறார்கள், உலகின் மிகப் பெரிய உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்டங்களில் ஒன்று. நம் பக்கத்துக் குளவியை வைத்து.

நம் ஊருக்கு என்ன பொருத்தம் என்று கேட்டால், என் கருத்து இது. டிரைக்கோகிரம்மாவுக்கு செயற்கை முட்டை இப்போது தேவையில்லை. கம்பு மலிவு, கார்சிரா முட்டை மலிவு, ஐரோப்பாவில் மாவு அந்துப்பூச்சி முட்டை கிலோ நூற்றுக்கணக்கான யூரோவுக்குப் போகிற நிலை இங்கே இல்லை. செயற்கை முட்டைக்கு வேண்டிய கிருமி நீக்கிய அறையும் பிளாஸ்டிக் இயந்திரமும் அதைவிட அதிகம் கேட்கும். ஆனால் கருந்தலைப்புழுவுக்கு விடுகிற பிரக்கான், கோனியோசஸ் இரண்டும் இரையை முடக்கிப்போட்டு வெளியே இருந்து தின்கிற வகை. கார்சிராப் புழுவைக் கையால் எடுத்துக் கொடுத்து வளர்க்கிறோம், அதில் கூலிதான் அதிகம். பிரக்கானைச் செயற்கை உணவில் வளர்க்க முடியும் என்று பர்ராவின் குழு ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறது. தென்னை இருக்கிற மாநிலத்தில் ஆராய்ச்சிப் பணம் போக வேண்டிய இடம் அது.

அதைச் செய்யும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது. எத்தனை குளவி வந்தது என்று எண்ணினால் போதாது. தலைமுறை தலைமுறையாகக் கரைசலிலும் பிளாஸ்டிக்கிலும் வளர்ந்த குளவிக்கு உண்மையான இரையின் வாசனை தெரியாமல் போகலாம், பெண் விகிதம் குறையலாம், பறக்கவே தெம்பில்லாமல் போகலாம். அடிக்கடி வயலிலிருந்து புதுக் குளவியைப் பிடித்துக் கலக்க வேண்டும். விற்கும் முன் ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை சதவீதம் வெளியே வருகிறது, எத்தனை பெண், எத்தனை நன்றாகப் பறக்கிறது என்று பார்த்து அட்டையின் பின்னால் அச்சிட வேண்டும். இதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், இப்போது விற்கிற கார்சிரா அட்டையிலேயே செய்யலாம். இடைக்கணுப்புழுவுக்கு நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஹெக்டேருக்கு 2.5 சிசி வீதம் ஆறு தடவை விடச் சொல்கிறோம். அதில் இரண்டு தடவை அட்டை பாதி பொரிக்காததாக இருந்தாலோ தேதி தவறி வந்தாலோ, விவசாயி மருந்துக் கடைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.